பெர்ஃப்யூஷன்: ஊடுருவலா, பாசனமா?

பெரியப்பாவுக்கு 74 வயது. இருபது வருடமாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நடை கொஞ்சம் தள்ளாடுகிறது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்தது நழுவிப் போகிறது என்று மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அறிக்கையோடு தமிழில் ஒரு சுருக்கமும் கொடுத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான். அதில் ஒரு வரி: ‘மூளையின் வெள்ளைப் பொருளில் இரத்த ஊடுருவல் குறைந்துள்ளது.’

பெரியப்பா அதைப் படித்துவிட்டு முகம் மலர்ந்து கேட்டார்: “ஊடுருவல் குறைஞ்சிருக்குன்னா நல்லதுதானப்பா? கசிவு நின்னுக்கிட்டு வருதுன்னுதானே அர்த்தம்? இனிமே மாத்திரை எதுக்கு?”

அவர் மேல் என்ன தப்பு? தமிழ் தெரிந்தவர் அப்படித்தான் படிப்பார். அறிக்கை சொல்ல வந்ததோ நேர் எதிர்: அந்தப் பகுதிக்குப் போய்ச் சேரவேண்டிய ரத்தம் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. பெர்ஃப்யூஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஊடுருவல் என்று போட்ட ஒரே சொல் கெட்ட செய்தியை நல்ல செய்தியாக்கிவிட்டது. இதே ‘இரத்த ஊடுருவல்’ என்பதை முன்பு ஒரு மாத இதழில் பார்த்தேன், பிறகு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியின் மொழிபெயர்ப்பில் கேட்டேன். மருத்துவக் கையேடுகளைத் தமிழாக்கிப் பிழைப்பவன் நான். மூன்றாவது முறையும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பு பெரிய சங்கதி இல்லை. லத்தீனில் ‘பெர்’ என்றால் ஊடாக, முழுக்க. ‘ஃபுண்டெரே’ என்றால் ஊற்றுவது. முழுக்க ஊற்றி நனைப்பது பெர்ஃப்யூஷன். பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவமனையில் ஏற்றும் டிரிப்புக்கே இந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மருத்துவத்தில் இன்றைய பொருள்: ஒரு திசுவின் நுண்குழாய்களுக்குள் ரத்தம் வந்து, பாய்ந்து, அந்தத் திசுவை வாழவைத்துவிட்டு வெளியேறுவது.

இதில் யாரோ முன்னொட்டை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஊடாக என்றிருக்கிறது, ஆகவே ஊடுருவல். ஊற்றுவது எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. ஊடுருவு என்ற வினைக்குத் தமிழில் ஒரு குணம் உண்டு. வேல் மார்பை ஊடுருவும். எல்லையில் ஆட்கள் ஊடுருவுவார்கள். குளிர் எலும்பை ஊடுருவும். நுழையக் கூடாத இடத்தில் தடுப்பை மீறி நுழைவதுதான் அந்தச் சொல்லின் உயிர். பெர்ஃப்யூஷனிலோ ரத்தம் எந்தத் தடுப்பையும் மீறுவதில்லை. தமனி வழியாக வந்து, நுண்குழாய் வழியாக நடந்து, சிரை வழியாகப் போய்விடுகிறது. ஆக்சிஜனும் சர்க்கரையும்தான் சுவரைத் தாண்டுகின்றன, ரத்தம் தாண்டுவதில்லை. மூளைத் திசுவுக்குள் ரத்தம் உண்மையிலேயே ஊடுருவினால் அதற்குப் பெயர் மூளை ரத்தக்கசிவு. ஒரு நோயின் பெயரை இன்னொரு நோயின் அடையாளத்துக்குச் சூட்டிவிட்டு, படிப்பவர்களுக்கு மருத்துவம் புரியவில்லை என்று குறைப்படுவது என்ன நியாயம்?

போதாக்குறைக்கு, புற்றுச் செல்கள் பக்கத்துத் திசுக்களுக்குள் புகுவதற்கு ஊடுருவல் என்பது ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல், அங்கே பொருத்தமான சொல்லும்கூட. மூளை எம்.ஆர்.ஐ.யில் பெர்ஃப்யூஷன் படம் தவிர டிஃப்யூஷன் என்று இன்னொரு படம் உண்டு. அது திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதைக் காட்டுவது. பரவல், விரவல் என்று அதற்குப் பள்ளிப் பாடத்திலேயே சொல் இருக்கிறது. அதையும் ஊடுருவல் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கவாத நோயாளியின் அறிக்கையில் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். இரண்டும் ஊடுருவல் என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? அடைப்பை நீக்கியபின் ரத்தம் திரும்ப வந்து சேர்வது ரீபெர்ஃப்யூஷன். அதை ‘மீள் ஊடுருவல்’ என்று எழுதினால் ராணுவச் செய்தி படிப்பது போல இருக்கிறது.

சரி, ‘ரத்த ஓட்டம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பார்கள். பேச்சுக்குச் சரி. ஆனால் ஓட்டம் குழாயில் நடப்பது, நமக்கு வேண்டியது திசுவில் நடப்பது. தலையில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பெரிய தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்க்கும் டாப்ளர் சோதனை நொடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லும். அது ஓட்டம். பெர்ஃப்யூஷனின் அளவோ 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது ஒன்று, ஒரு மா நிலத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை உழவர் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம், மருத்துவ மொழிபெயர்ப்பாளருக்குத்தான் விளக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே என் சொல் பாசனம். ரத்தப் பாசனம், பாடநூல் என்றால் குருதிப் பாசனம். ஊற்றி நனைப்பது என்ற மூலப் பொருள் அப்படியே கிடைக்கிறது, பரப்பளவுக்கு இத்தனை என்ற அளவும் கூடவே வருகிறது. பாசனக் குறைவு, மீள்பாசனம், பாசன அழுத்தம், பாசன வரைபடம் என்று குடும்பமாகவும் கிளைக்கிறது.

அறிக்கை ‘வெள்ளைப் பொருள்’ என்றதை நான் வெண்பகுதி என்கிறேன். வெண்பகுதி நோய்க்கு இந்தச் சொல் எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான், இதயம் தள்ளும் ரத்தத்திலோ சுமார் 15 பங்கை வாங்கிக்கொள்கிறது. 1940-களில் அமெரிக்காவில் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்கவைத்து முதன்முதலாக மனித மூளையின் பாசனத்தை அளந்தார்கள். 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டரை ஒட்டி வந்தது. ஆனால் அது முழு மூளையின் சராசரி. பிரித்துப் பார்த்தால் மேலே உள்ள சாம்பல் பகுதிக்குத் தாராளம், உள்ளே இருக்கும் வெண்பகுதிக்கு ஏறக்குறைய 20 மில்லிலிட்டர்தான். காரணம் வெறும் பாரபட்சம் இல்லை, வெண்பகுதியின் தேவையும் குறைவு. ஆனால் ஆழத்து வெண்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு தமனிகள் மூளையின் மேற்பரப்பில் புறப்பட்டு, புறணி எனும் சாம்பல் பகுதியைத் தாண்டி, நீளமாக உள்ளே இறங்குபவை. வயதாலும் ரத்த அழுத்தத்தாலும் அவற்றின் சுவர் தடித்துப் பாதை குறுகினால் முதலில் காய்வது கடைசி வயல்தான். காவிரிப் படுகையில் இதற்குப் பெயர் கடைமடை. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தது என்று செய்தி வந்துவிடும், கடைமடைக்காரனைக் கேட்டால்தான் தண்ணீர் வந்ததா என்று தெரியும்.

அளப்பதிலும் அதே தொல்லை. இப்போது ஊசி போடாமலே எம்.ஆர்.ஐ.யில் பாசனம் பார்க்க ஒரு வழி உண்டு. கழுத்துத் தமனியில் ஏறும் ரத்தத்தின் நீருக்குக் காந்த அடையாளம் இட்டுவிட்டு, சுமார் இரண்டு நொடி காத்திருந்து மூளையைப் படம் எடுப்பார்கள். அடையாளம் இடாமல் எடுத்த இன்னொரு படத்திலிருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது வந்துசேர்ந்த ரத்தம். ஆனால் அந்த அடையாளம் நொடிக் கணக்கில் மங்கிவிடும். வெண்பகுதிக்கு ரத்தம் தாமதமாகத்தான் போய்ச் சேரும், முதியவர்களில் இன்னும் தாமதம். மதகில் கொட்டிய சாயம் கடைமடைக்கு வருவதற்குள் வெளுத்துவிட்டால் அங்கே தண்ணீரே வரவில்லை என்று எழுதிவிடலாமா? அதனால்தான் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள், படங்களைப் பல முறை எடுத்துச் சராசரி காண்கிறார்கள். கார்பன் டைஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்துப் பாசனம் கூடுகிறதா என்றும் பார்ப்பார்கள். அது மதகு இன்னும் திறக்கிறதா, துருவேறிவிட்டதா என்ற சோதனை. பயிர் வாடியதால் தண்ணீர் தேவைப்படவில்லையா, தண்ணீர் வராததால் வாடியதா என்ற வாதம் இந்தத் துறையில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘குருதியூட்டம்’ என்கிறார். அழகான சொல். ஆனால் ஊட்டம் என்றால் மக்கள் காதில் விழுவது சத்து. மூளைக்கு ஊட்டம் குறைவு என்று சொல்லிப் பாருங்கள், அன்று மாலையே வீட்டில் பாதாமும் வல்லாரையும் வந்து இறங்கும். ‘பாய்ச்சல்’ அதைவிட நெருக்கமானது, நீர் பாய்ச்சுகிறோம் அல்லவா? ஆனால் பாய்ச்சல் என்றதும் புலியும் நாலு கால் குதிரையும் ஓடிவருகின்றன. கடைமடையில் சொட்டுச் சொட்டாய் வருவதைப் பாய்ச்சல் என்பது நக்கலாகிவிடும்.

குருதியா ரத்தமா என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. நோயாளி கையில் போகும் தாளில் ரத்தம் என்று எழுதுங்கள்.

‘வெள்ளைப் பொருள்’ பற்றி ஒரு வார்த்தை. கொழுப்பு நிறைந்த மயலின் உறை நரம்பு இழைகளைச் சுற்றியிருப்பதால் வந்த நிறம் அது, சரி. அதற்காக அந்த நோயை ‘வெள்ளை நோய்’ என்று சுருக்குபவர்கள், ஊரில் வெள்ளை, வெள்ளைப்படுதல் என்றால் என்ன நோய் என்று தங்கள் பாட்டியிடம் ஒரு தரம் கேட்டிருக்கலாம். வெண்பகுதி என்றால் போதும். 1987-இல் கனடாவின் நரம்பியல் மருத்துவர் ஹச்சின்ஸ்கியும் கூட்டாளிகளும், ஸ்கேன் படத்தில் வெண்பகுதி மாறித் தெரிவதற்கு லூக்கோஅராயோசிஸ் என்று பெயரிட்டபோது கிரேக்கத்தில் ‘வெண்மை’, ‘அடர்த்தி குறைதல்’ என்ற இரண்டை மட்டுமே சேர்த்தார்கள். காரணம் இன்னதென்று பெயரிலேயே தீர்ப்பு எழுதவில்லை. நம்மவர்கள் அதை ‘மூளைச் சிதைவு’ என்று எழுதிக் குடும்பத்தையே அழவைக்கிறார்கள்.

பெரியப்பாவிடம் விஷயத்தை ஒரே வரியில் சொன்னேன். “அப்படின்னா கடைமடை காயுதுன்னு சொல்லு, அதைத்தானே எழுதித் தொலைக்கணும்” என்று மாத்திரைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் வேறொரு கையேட்டில் ‘ரத்தப் பாசனம்’ என்று எழுதி அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் ‘விவசாயச் சொல், மருத்துவத்துக்குப் பொருந்தாது’ என்று குறித்து, ஊடுருவல் என்று திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார். இன்று மறுபடி அடித்து எழுதி அனுப்பினேன்.