கிளாத்தி எதுவரை துரத்தும்?

வெள்ளிக்கிழமை இரவு கோலாலம்பூர் டிபிஎஸ் நிலையத்தில் பஸ் ஏறினால் விடியும் நேரத்தில் கோல பெசுட் படகுத்துறை. அங்கிருந்து படகில் பெர்ஹெந்தியான் தீவு. கோலாலம்பூர் நீச்சல் குளங்களில் ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு மூழ்குவதை, பழகுகிறவர்கள் முதலில் கடலில் இறங்கிப் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கிளம்புவதற்கு முன் எல்லோரும் சுறாவைப் பற்றித்தான் கேட்பார்கள். பயிற்சியாளருக்கு அக்கறை வேறொரு மீன் மேல். "அண்ணே, சுறா உங்களப் பாத்தா அது பாட்டுக்குப் போயிடும். டைட்டன் வந்தா நீங்கதான் போகணும். ஆனா மேல போகாதீங்க, பக்கவாட்டுல போங்க."

டைட்டன் என்று அவர் சொல்வது டைட்டன் ட்ரிகர்ஃபிஷ். தமிழக மீனவர்கள் கிளாத்தி என்று அழைக்கும் குடும்பத்தின் பெரிய உருப்படிகளில் ஒன்று. 75 சென்டிமீட்டர் வரை வளரும். கடல் முள்ளெலி, நண்டு, சிப்பி, பவளம் எல்லாம் அதற்குச் சாப்பாடு. வாய் சின்னதுதான். பல்லோ சிப்பி ஓட்டை நொறுக்குவதற்கென்றே அமைந்தது. டைவர் காலில் மாட்டும் பிளாஸ்டிக் துடுப்பான ஃபின்னில் பட்டால் தழும்பு, வெறும் தோலில் பட்டால் காயம்.

வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இந்த மீன் மனிதரைக் கண்டுகொள்ளாது. பவளத்தைக் கொத்திக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும். உடைந்து தெறிப்பதைப் பொறுக்கச் சின்ன மீன்கள் பின்னால் சுற்றும். முட்டை இட்டுவிட்டால்தான் வேறு மீனாகிவிடுகிறது.

மணல் திட்டில் வாயால் தண்ணீரை ஊதி, பவளச் சில்லுகளைக் கவ்வி அப்புறப்படுத்திக் குழி பறிக்கிறது. அதற்குள் முட்டைத் திரள். பிராணவாயு கிடைக்க, மேலே தண்ணீரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். கிளாத்தி இனங்கள் பலவற்றில் விடியற்காலை இட்ட முட்டை அன்று இருட்டியதும் பொரிந்துவிடும். கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் மீன்களிடமிருந்து குஞ்சுகள் தப்ப இருட்டுதான் வசதி. இதன் உறவுக்காரனான மஞ்சள் விளிம்புக் கிளாத்தி, அமாவாசை பௌர்ணமிக்குச் சில நாட்கள் முன்பாக முட்டையிடுகிறது. நேற்று சாதுவாகக் கடந்துபோன இடத்தில் இன்று துரத்தல் நடப்பதற்கு இப்படியும் காரணம் இருக்கலாம்.

காவல் இத்தனை மூர்க்கமாக இருப்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு தடவை இட்ட முட்டை மொத்தமும் ஒரே குழியில், ஒரு பகல் பொழுதுக்கு மட்டும் காக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு உயிரைக் கொடுத்து நின்றாலும் லாபம்தான். ஆனால் டைவரை விரட்டிக்கொண்டு தூரமாகப் போனால், அக்கம்பக்கத்தில் காத்திருக்கும் மீன்கள் அந்த இடைவெளியில் முட்டையில் வாய் வைத்துவிடும். துரத்தல் ஓர் எல்லையில் நின்றுவிடுவது நம் மேல் இரக்கப்பட்டு அல்ல!

அந்த எல்லையின் வடிவத்தைத்தான் டைவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கூடு அடியில், அதிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும் புனல் மாதிரி அதன் காவல் பரப்பு என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். பயந்தவன் கால் மேலேதான் உதைக்கும். மேலே போகப் போக, வெளியேறுவதற்குப் பதில் புனலின் அகலமான பகுதிக்குள்ளேயே இருப்பான். பக்கவாட்டில் போனால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். மேலே பாய்வதில் இன்னொரு ஆபத்து, மீனைவிடப் பெரியது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலில் உள்ள காற்று இரட்டிப்பாக விரியப் பார்க்கும். பல்கடிக்குத் தையல் போடலாம், கிழிந்த நுரையீரலுக்கு அது நடக்காது.

கடிப்பதற்கு முன் மீன் எச்சரிக்கவும் செய்கிறது. முதுகில் மூன்று முட்கள். முதல் முள் தடித்தது, மற்ற நேரத்தில் ஒரு பள்ளத்துக்குள் மடங்கிக் கிடக்கும். அது நிமிர்ந்ததும் இரண்டாவது குட்டி முள் அதன் அடியில் போய் இறுகிக்கொள்ளும். பிறகு முதல் முள்ளை எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. குட்டி முள்ளைத் தட்டிவிட்டால் பெரியது உடனே படுத்துவிடும். சந்தையில் சின்னக் கிளாத்தி கிடைத்தால் விரலால் செய்து பார்க்கலாம். பாறை இடுக்கில் புகுந்து இதை நிமிர்த்திக்கொண்டால் எதிரியால் மீனை எளிதில் வெளியே இழுக்க முடியாது. கூட்டருகே முள் நிமிர்ந்தால், மீன் பக்கவாட்டில் சாய்ந்து ஒரு கண்ணால் உங்களை நோட்டம் விட்டால், சரி, திரும்பிவிடுங்கள்.

அதற்குள் பாய்ந்துவிட்டதா? முதுகைக் காட்டாமல் ஃபின் இரண்டையும் மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, மல்லாந்தபடி, ஆழம் மாறாமல் பின்னால் நகர வேண்டும். கடிபடுவது பிளாஸ்டிக்காக இருக்கட்டும். திரும்பும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: மணல் திட்டில் சில நேரம் கூடுகள் அருகருகே இருக்கும், ஒன்றின் புனலிலிருந்து வெளியேறி அடுத்ததற்குள் நுழைந்தவர்களும் உண்டு.