சீகை விதையும் 72 மணி நேரமும்

நீலகிரிப் புல்வெளிகளில் பரவிய சீகை மரத்தை வெட்டிச் சாய்ப்பது பெரிய காரியமில்லை. மண்ணுக்குள் கிடக்கும் அதன் விதைதான் பாடாய்ப் படுத்தும். பல வருடம் உறங்கிக் கிடந்துவிட்டு, ஒரு நெருப்புச் சூடு பட்டதும் முளைக்கும். எச்.ஐ.வி. பற்றி எங்கள் மலைப் பிள்ளைகள் கேட்டால் நான் சீகையிலிருந்துதான் தொடங்குவேன்.

இந்த வைரஸ் தேடிப் பிடிப்பது சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களை. எஸ்டேட் மேஸ்திரி மாதிரி, மற்ற எதிர்ப்பு அணுக்களைக் கூப்பிட்டு வேலை வாங்குபவை அவை. உள்ளே நுழைந்த வைரஸ் தன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அணுவின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடுகிறது. அப்புறம் அந்த அணுவே வைரஸ் தயாரிக்கிறது. சில அணுக்கள் மட்டும் எதுவும் செய்யாமல் உறங்குகின்றன. பெருகும் வைரஸை மாத்திரை தடுத்துவிடும். உறங்குவதைத் தொட முடியாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் மறுபடி முளைக்கும். ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

சரி, விதை மண்ணுக்குள் போகும் முன்பே பொறுக்கிவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. உடலுறவில் நுழையும் வைரஸ் முதலில் அந்த இடத்துச் சவ்வில் உள்ள சில அணுக்களைத்தான் பிடிக்கிறது. நிணநீர்க் கணுக்களுக்குப் போய், ரத்தத்தில் கலக்கச் சில நாள் ஆகும். அதற்குள் மாத்திரை தொடங்கினால் டி.என்.ஏ.வாக மாறும் வேலையே தடைபடும். 1990களில் குரங்குகளிடம் சோதித்தார்கள். வைரஸைச் செலுத்தி 24 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் மருந்து பெற்றவை எல்லாம் தப்பின. தாமதமாகத் தொடங்கியவற்றிலும், சில நாளோடு நிறுத்தியவற்றிலும் சிலவற்றுக்குத் தொற்றியது. மனிதர்களுக்கான கணக்கும் இதை ஒட்டித்தான்: வைரஸ் பட்டிருக்கலாம் என்ற நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல். வேலையில் தவறி ஊசி குத்திக்கொண்ட செவிலியருக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கும் அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். ஆணுறை கிழிந்துபோன மற்றவர்களும் தயங்காமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

எனக்கு வேதனை எங்கே என்றால், பந்தலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பிள்ளை அந்த மூன்று நாளைத் தொலைப்பது பஸ் கிடைக்காமல் அல்ல. மருந்துக்கடைக்காரர் அப்பாவுக்குப் பழக்கம், நர்ஸ் அக்கா பக்கத்து லைன் வீடு. இதே கூச்சத்தில்தான் ஆணுறை வாங்காமலும் திரும்புகிறார்கள். வாங்கியவர்களுக்கு ஒன்று: அதன்மேல் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் பலவீனமாகிக் கிழியும்.

பயந்துபோய் மறுநாளே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, ‘இல்லை’ என்று வந்ததும் நிம்மதியாகிவிடுபவர்களும் உண்டு. வழக்கமான பரிசோதனை முக்கியமாகத் தேடுவது நம் உடம்பு வைரஸுக்கு எதிராக உண்டாக்கும் பொருளை. அது உருவாகவே சில வாரம் வேண்டும். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் உறுதி. அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். உங்கள் சம்மதமில்லாமல் முடிவை வெளியே சொல்ல 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை.

‘இருக்கிறது’ என்று வந்தாலும் வாழ்க்கை அங்கே நின்றுவிடுவதில்லை. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. கல்யாணம் செய்யலாம், குழந்தை பெறலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097க்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, பெயர் சொல்ல வேண்டியதில்லை.