வாளியில் பிடிக்கும் காற்று

ஆலையை ஒட்டிய தெருவில் நள்ளிரவில் நெடி அடிக்கும். புகாரை விசாரிக்க அதிகாரி வருவதோ மறுநாள் பகலில். அதற்குள் காற்று கலைந்துவிடும். கோப்பில் ஒன்றும் ஏறாது. இந்த ஓட்டையை அடைக்க 1995-இல் கலிபோர்னியாவில் உருவானதுதான் வாளிக் கருவி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைமீது வழக்காடிய எட்வர்ட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர் பொறியாளர்களைக் கொண்டு செய்வித்தார். சுற்றுச்சூழல் அமைப்புகள் ஊர் ஊராகப் பரப்பின.

சுமார் 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, காற்றுப் புகாத மூடி. உள்ளே டெட்லார் பை, அதாவது வாயுக்களோடு எளிதில் வினைபுரியாத ஒருவகைப் பிளாஸ்டிக் பை. அதன் வாய் மூடியிலுள்ள வால்வு வழியே வெளியே திறக்கும். மூடியின் இன்னொரு துளையில் சிறு பம்ப். பம்ப் வாளிக்காற்றை உறிஞ்ச, உள்ளழுத்தம் குறைந்து பை உப்பும். வெளிக்காற்று நேரே பைக்குள் போகும். மாதிரிக் காற்று பம்புக்குள் நுழைவதே இல்லை, அதனால் பம்பின் எண்ணெய்ப் பிசுக்கு கலக்காது. சூட்சுமம் அவ்வளவுதான். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் பை உப்பாது.

சில நிமிடங்களில் மாதிரி ரெடி. சொதப்புவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். பையை முட்ட நிரப்பினால், ஆய்வகத்துக்கு அனுப்பும்போது விமானத்தில் வெடிக்கலாம். வெயில் பட்டால் சில சேர்மங்கள் சிதையும். 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் அதைச் சோதித்தாக வேண்டும். கந்தகச் சேர்மங்களுக்கு 24 மணி நேரம்தான். மாதிரி கைமாறிய படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால், ஆலைத்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004-இல் இப்படிப் பிடித்த காற்றில் 22 இரசாயனங்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்குபவை. ஆனால் அன்றைய தேசியக் காற்றுத் தரநிலையில் பென்சீனுக்குக்கூட வரம்பு கிடையாது. வரம்பே இல்லாதபோது எதை மீறல் என்பது? 2009-இல்தான் பென்சீன் சேர்ந்தது: ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்.

அதிலும் ஒரு சிக்கல். அந்தச் சராசரிக்கு ஆண்டில் குறைந்தது 104 அளவீடுகள் தேவை. வாளி தருவது சில நிமிடக் காற்று. 'இதை வரம்போடு ஒப்பிட முடியாது' என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னால் அது சாக்கு மட்டுமல்ல, அறிவியலும்கூட. ஆகவே அனுபவமுள்ள குழுக்கள் வாளியை மட்டும் நம்புவதில்லை. நேரம், காற்றின் திசை, நெடியின் தன்மை, கண்ணெரிச்சல் என்று தினமும் நோட்டில் எழுதி, எந்த ஆலையின் எந்த ஷிப்டோடு பொருந்துகிறது என்று பார்க்கின்றன. அந்த நோட்டை வைத்து வாரியத்திடம் கேட்க வேண்டியது அபராதம் அல்ல, அதே இடத்தில் தொடர் கண்காணிப்புக் கருவி.