வாயில் வைக்கும் வயதில் வண்ணங்கள்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்

ஒரு வயது கடந்த குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்து வரும் பெற்றோரில் பலர், போகிற போக்கில் கைப்பையிலிருந்து ஒரு வண்ணப் பெட்டியை எடுத்துக் காட்டி, "நான்-டாக்சிக்னு போட்டிருக்கு டாக்டர், குடுக்கலாமா?" என்று கேட்பது வழக்கம். குழந்தைநல மருத்துவராக நான் சொல்லும் பதில், அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பி இந்த வயதுக் குழந்தைக்கு எதையும் கொடுத்துவிட முடியாது என்பதுதான். ஒன்று முதல் இரண்டரை வயது வரையுள்ள குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துத்தான் அறிந்துகொள்கிறது. ஆகவே அந்த வயதுக்கு வாங்கும் எந்த வண்ணப் பொருளையும், குழந்தை அதைக் கடிக்கும், உடைக்கும், ஒரு துண்டையாவது விழுங்கும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது நச்சுத்தன்மை இரண்டாவது கவலையாகிவிடுகிறது. முதல் கவலை மூச்சடைப்பு.

ஸ்கெட்ச் பேனாவைத் திருப்பிப் பாருங்கள். அதன் பின்முனையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் அடைப்பான் இருக்கும். பெரியவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் பல் முளைத்துவரும் குழந்தை பேனாவின் பின்முனையைத்தான் மெல்லுகிறது, மெல்ல மெல்ல அந்த அடைப்பான் கழன்று வந்துவிடுகிறது. சளி இருமல் என்று சொல்லி, இரண்டு மருந்து மாற்றியும் குறையாமல், ஒரு பக்க நுரையீரலில் மட்டும் மூச்சொலி குறைந்து வரும் குழந்தையைப் பார்க்கும்போது, "ஏதாவது வாயில் போட்டு விளையாடியபோது திடீரென்று புரை ஏறியதா?" என்பதே நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. பிளாஸ்டிக் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், பெற்றோர் நினைவுகூர்ந்து சொல்லும் அந்த ஒரு நிமிடச் செய்திதான் பல நேரங்களில் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. அதன் பிறகு மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தி அந்தத் துண்டை எடுக்க வேண்டியிருக்கிறது. பேனா மூடிகளும் இதே ஆபத்தைத் தருபவையே. குழந்தைகளுக்கான பேனா மூடி தொண்டையில் சிக்கினாலும் காற்று ஓரளவு போய்வர வேண்டும் என்பதற்காகவே பல மூடிகளின் உச்சியில் துளையிடுகிறார்கள், ஐஎஸ்ஓ 11540 என்ற பன்னாட்டுத் தரவிதி இதைப் பற்றியதுதான். துளை இருந்தாலும் மூன்று வயதுக்குக் கீழ் மூடியுள்ள எந்தப் பேனாவையும் குழந்தையின் கையில் தனியாக விட வேண்டாம் என்பதே என் அறிவுரை.

பொம்மைகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் 'சிறு பாக உருளை' என்ற ஒரு கருவி உண்டு. அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். ஒரு பொருளோ அதிலிருந்து உடைந்து விழும் துண்டோ எந்தப் பக்கமும் வெளியே நீட்டாமல் அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால், அது மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்று ஒதுக்கிவிடுவார்கள். வீட்டில் அந்தக் கருவி தேவையில்லை. தண்ணீர் பாட்டில் மூடியின் அகலம் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். அதற்குள் அடங்கும் துண்டு எதுவும் குழந்தையின் மூச்சுப்பாதைக்கு ஆபத்து என்று கொள்ளலாம். இந்த அளவோடு பார்த்தால், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மெல்லிய மெழுகுக் கிரேயான் ஏன் சின்னக் குழந்தைக்குப் பொருந்தாது என்பது உடனே விளங்கும். அது கொஞ்சம் அழுத்தினாலே இரண்டாக முறிகிறது, மறுமுறை அழுத்தினால் மூன்றாகிறது, சுற்றியிருக்கும் காகிதம் எச்சிலில் ஊறி உரிந்து அதுவும் வாய்க்குள் போகிறது.

இதற்கு மாற்றாக, பெரியவர்களின் கட்டைவிரல் பருமனுக்குக் குறையாத, எளிதில் முறியாத கிரேயான்களைத் தேடுங்கள். முட்டை வடிவத்திலும், உள்ளங்கையில் அடங்கும் கூம்பு வடிவத்திலும் இப்போது கிடைக்கின்றன. பாதுகாப்போடு இன்னொரு காரணமும் இருக்கிறது. பதினைந்து மாதக் குழந்தை எழுதுகோலை நம்மைப் போல மூன்று விரலால் பிடிப்பதில்லை. முழுக் கையையும் மூடிக் குத்துவதுபோலப் பிடித்து, தோளிலிருந்து கையை ஆட்டித்தான் கோடு போடுகிறது. ஒன்றரை வயதையொட்டித் தானாகக் கிறுக்கத் தொடங்கி, இரண்டு வயதையொட்டி நாம் போட்டுக் காட்டும் நேர்க்கோட்டைப் பார்த்துப் போட்டு, மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வரைவது பொதுவான போக்கு. தடித்த குச்சி இந்தப் பிடிக்கு இயல்பாகவே பொருந்துகிறது. விரலைப் பிடித்துத் திருத்தி, பென்சிலை "சரியாக" பிடிக்கப் பழக்க வேண்டிய வயது இதுவல்ல. இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம், எல்.கே.ஜி. சேர்க்கையை மனத்தில் வைத்து இரண்டு வயதுக் குழந்தைக்குக் கூர்மையான பென்சிலை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரைத் தொடர்ந்து பார்ப்பதுதான். அந்தப் பென்சிலோடு தடுக்கி விழுந்தால் கண்ணுக்கும் அண்ணத்துக்கும் நேரக்கூடிய காயம் சிறியதல்ல.

இனி நச்சு. இதில் நான் அதிகம் அஞ்சுவது காரீயத்தை (லெட்). பெரியவர் ஒருவர் விழுங்கும் காரீயத்தில் உடம்பில் சேரும் பங்கைவிட, சிறு குழந்தையின் குடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்றும், பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாந்தி, மயக்கம் என்று அது பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. கற்றல் திறனையும் கவனத்தையும் ஓசையில்லாமல் குறைக்கிறது. 1994-இல் அமெரிக்காவில், சீனாவிலிருந்து இறக்குமதியான பல பிராண்டு கிரேயான்களில் காரீயம் இருப்பது தெரியவந்து அவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுகளில் காரீயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற 2016-ஆம் ஆண்டு விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொம்மைகளைப் பொறுத்தவரை, 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐஎஸ் 9873 என்ற தரவிதியின் மூன்றாம் பகுதி, காரீயம், பாதரசம், காட்மியம், ஆர்செனிக் உள்ளிட்ட எட்டுத் தனிமங்கள் பொருளிலிருந்து எவ்வளவு கரைந்து வெளிவரலாம் என்பதற்கு வரம்பு விதிக்கிறது. ஏழாம் பகுதி விரலால் தொட்டு வரையும் ஃபிங்கர் பெயிண்டுக்கென்றே எழுதப்பட்டது. ஆகவே ஃபிங்கர் பெயிண்ட் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதன் கீழே 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணையும் பாருங்கள். அந்த எண்ணை அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டினால் உரிமம் உண்மையானதா என்பது கடையில் நிற்கும்போதே தெரிந்துவிடும்.

கிரேயானும் ஸ்கெட்சும் எழுதுபொருளாக விற்கப்படுவதால் அந்தப் பெட்டிகளில் இந்த முத்திரையைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. அப்போது தயாரிப்பாளரின் முழு முகவரி, வயது வரம்பு, தயாரித்த மாதம், இஎன் 71 என்ற ஐரோப்பியத் தரக் குறிப்பு ஆகியவை உள்ளனவா என்று பார்க்கலாம். 'ஏஎஸ்டிஎம் டி-4236' என்ற அமெரிக்கத் தரக் குறிப்பு, பொருளில் நாட்பட்ட கெடுதல் உண்டா என்று ஆராய்ந்து அதற்கேற்ப எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள் என்பதை மட்டுமே காட்டும். குழந்தை கடித்துத் தின்னலாம் என்று அதற்குப் பொருளில்லை. திருவிழாக் கடையிலும் தள்ளுவண்டியிலும் பெயர் முகவரி எதுவும் இல்லாமல் விற்கும் வண்ணப் பெட்டிகளை இந்த வயதுக்கு வாங்காதீர்கள். பழ வாசனை வரும் பேனாக்களும் வேண்டாம். வாயில் வைக்கக்கூடாது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் பொருளுக்கு ஸ்ட்ராபெர்ரி மணத்தைக் கொடுத்தால் குழந்தை யார் பேச்சைக் கேட்கும்?

கடைப் பொருளே வேண்டாம், வீட்டில் இருப்பதைக் கொடுக்கிறோம் என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். மார்கழியில் வாங்கி மீந்த கலர் கோலப்பொடியைத் தண்ணீரில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பொடி வாயில் போவதற்கென்று செய்யப்பட்டதல்ல. அதில் எந்தச் சாயம் கலந்திருக்கிறது என்பது பொட்டலத்தில் எழுதியிருப்பதுமில்லை. வெள்ளைக் கோலமாவாக விற்கப்படும் கல்மாவின் நுண்தூள் மூச்சுக்குழாயை உறுத்தும். எந்தச் சாயம் கலந்தது என்று தெரியாததால் குங்குமமும் வேண்டாம். மஞ்சள்தூளைக்கூட உதிரியாக வாங்கியதைத் தவிர்த்து, விரலி மஞ்சளை வாங்கி அரைத்ததையே பயன்படுத்துங்கள்; நிறம் கூட்டுவதற்காக மஞ்சளில் லெட் குரோமேட் என்ற காரீயச் சாயம் கலந்த செய்திகள் தெற்காசியாவில் ஆய்வுபூர்வமாகவே வெளிவந்திருக்கின்றன.

நான் பரிந்துரைப்பது கஞ்சி வண்ணம். இரண்டு கரண்டி அரிசிமாவையோ சோளமாவையோ ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, கூழ் பதம் வரும்வரை கிளறிக் காய்ச்சி ஆறவிட்டு, சிறு கிண்ணங்களில் பிரித்து, ஒன்றில் பீட்ரூட் சாறு, ஒன்றில் கீரைச் சாறு, ஒன்றில் சிட்டிகை மஞ்சள் கலந்தால் போதும். பச்சை மாவில் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் காய்ச்சாமல் கொடுக்கக்கூடாது; பதப்படுத்தும் பொருள் எதுவும் இல்லாததால் அன்று செய்ததை அன்றே கொட்டிவிட வேண்டும். சுவைக்காகவோ பிசுபிசுப்புக்காகவோ தேன் சேர்க்காதீர்கள். வீட்டில் ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை இன்னொன்று இருந்தால் தேனால் பாட்டுலிசம் என்ற கொடிய நோய் வரக்கூடும். மறுநாள் காலை குழந்தையின் மலமோ சிறுநீரோ சிவப்பாக இருந்தால், முதலில் பீட்ரூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் என்று பதறி, டயப்பரோடு மருத்துவமனைக்கு ஓடிவரும் பெற்றோர் உண்டு. மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் அது செந்நிறமாக மாறுவதும் இயல்புதான். துணியைக் கழுவி வெயிலில் காயப்போட்டால் கறை பெரும்பாலும் மங்கிவிடும்.

மைதாவும் உப்பும் சேர்த்துப் பிசையும் வீட்டு விளையாட்டு மாவைப் பற்றி என் கருத்து வேறு. அது கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கும் உப்பு மிக அதிகம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அதில் ஒரு கைப்பிடி விழுங்கிவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு ஏறி வலிப்பு வரை கொண்டுபோகக்கூடும். சப்பாத்தி மாவைப் பிசையும்போது ஒரு உருண்டையைக் கிள்ளிக் கையில் கொடுத்து, பச்சை மாவு வாய்க்குள் போகாமல் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது இதைவிட நல்லது. கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதுவும் கூடாது. அரிசிமாவுக் கொழுக்கட்டைப் பதத்தில் கொடுக்கலாம்.

வீடு அழுக்காகும் என்ற கவலை நியாயமானதே. தாத்தா பாட்டியோடு வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சுவரில் ஒரு கோடு விழுந்தாலும் அது பெரிய பேச்சாகிவிடும். 'வாஷபிள்' என்று அச்சிட்ட கிரேயான் தோலிலிருந்தும் பெரும்பாலான துணிகளிலிருந்தும் போய்விடும், சுண்ணாம்பு அடித்த சுவரிலிருந்து போகும் என்று உறுதி சொல்ல முடியாது. அனுபவத்தில் நான் கண்டது, அழுக்கைக் கட்டுப்படுத்துவது பொருளின் விலை அல்ல, ஒரு நேரத்தில் எவ்வளவு வெளியே எடுக்கிறோம் என்பதே. பன்னிரண்டு நிறப் பெட்டியைத் திறந்து வைக்காமல் இரண்டு நிறம் மட்டும் கொடுங்கள். விளிம்புள்ள எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒரு தேக்கரண்டி கஞ்சி வண்ணத்தை விட்டு, பழைய பனியனை மாட்டிவிட்டு, குளிக்க வைப்பதற்குச் சற்று முன் குளியலறைத் தரையிலேயே உட்காரவைத்தால் எல்லாமே ஒரே நீரில் கழுவிப் போய்விடும். இரண்டு வயதுக் குழந்தையின் ஆர்வம் ஐந்து, பத்து நிமிடங்களுக்கு மேல் ஒன்றில் நிற்பதில்லை. அதற்குள் எடுத்து வைத்துவிடுவதும் குறை அல்ல.

எதுவுமே வேண்டாம் என்றால் வெறும் தண்ணீர் போதும். மாலையில் வெயில் தணிந்தபின் மொட்டை மாடியின் சிமெண்டுத் தரையில் ஒரு டம்ளர் தண்ணீரையும் ஒரு தடித்த பிரஷையும் கொடுத்துப் பாருங்கள். தொட்ட இடம் கறுக்கும், சில நிமிடங்களில் வெளுக்கும், குழந்தை மறுபடி வரையும். பிரஷின் மயிர் இழுத்தால் வராததா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் டம்ளரில்தான் இருக்க வேண்டும், வாளியில் கூடாது; தலைகுப்புற விழுந்த சிறு குழந்தை மூழ்குவதற்கு அரை வாளி நீரே அதிகம். தண்ணீர்ப் பேனாவால் எழுதும் துணி விரிப்புகளும் நல்லவையே, பேனாவின் முனை பிடுங்கினால் வராததாக இருந்தால்.

மினுமினுப்புத் தூள், போராக்ஸ் சேர்த்த ஸ்லைம், தெர்மாகோல் உருண்டைகள், பெர்மனென்ட் மார்க்கர், நொடியில் ஒட்டும் பசை ஆகியவை மூன்று வயதுவரை வீட்டில் குழந்தைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கக்கூடாது. தண்ணீரில் ஊறிப் பலமடங்கு பெருக்கும் ஜெல் மணிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். விழுங்கும்போது கடுகளவு இருப்பது குடலுக்குள் ஊதி அடைத்துக்கொள்கிறது, எக்ஸ்ரேயிலும் தெரிவதில்லை. காந்த எழுதுபலகையுடன் வரும் சின்னச் சின்ன முத்திரைக் காந்தங்களும் அதே அளவு ஆபத்தானவை. இரண்டு காந்தங்கள் உள்ளே போனால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடும். காந்தத்தையோ ஜெல் மணியையோ விழுங்கிய சந்தேகம் இருந்தால்கூட, வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தரமான கிரேயானில் ஒரு துணுக்கைத் தின்றுவிட்டால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. வாயைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் கொடுத்துக் கவனித்தால் போதும். உப்புநீர் கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. பெயர் தெரியாத வண்ணமோ மார்க்கர் மையோ பசையோ போயிருந்தால், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தில்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண்ணான 1800 116 117-ஐ அழைக்கலாம். துண்டு தொண்டையில் சிக்கி, குழந்தையால் அழவோ இருமவோ முடியாவிட்டால் ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் குழந்தையை முன்பக்கம் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை தட்ட வேண்டும். அதில் வெளிவராவிட்டால், ஒரு வயது கடந்த குழந்தைக்குப் பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்தி, இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள், அது இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.

இரண்டு வயதுக்குப் பிறகும் குழந்தை பலப்பம், சாக்பீஸ், சுவர்ச் சுண்ணாம்பு, மண் என்று விடாமல் தேடித் தின்றால் அதைக் குறும்பு என்று கண்டித்து விட்டுவிட வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவு உள்ள குழந்தைகளிடம் இந்தப் பழக்கத்தை அடிக்கடி பார்க்கிறோம். வண்ணப் பெட்டியை மாற்றுவதற்கு முன், ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். காரீயத்துக்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.