தடுப்பூசிக்குப் பிறகு பெரியவர் தடுமாறிப் பேசினால் சோடியத்தைப் பாருங்கள்

தடுப்பூசி போட்டால் கை வலிக்கும், காய்ச்சல் அடிக்கும், உடம்பு அசதியாக இருக்கும். இரண்டு நாளில் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் வயதானவர்கள் வீட்டில் இருந்தால் அந்த நாட்களில் அவர்களுடைய பேச்சு தெளிவாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். தடுப்பூசிக்குப் பிறகு அது குறைந்துபோன நோயாளிகளைப் பற்றி, குறிப்பாகக் கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு, மருத்துவ இதழ்களில் தனித்தனிக் குறிப்புகள் வந்திருக்கின்றன. மிக அரிதானது இது. ஊசிதான் காரணம் என்று ஒவ்வொருவரிடத்திலும் அடித்துச் சொல்லவும் முடியாது.

என்னிடம் வந்த ஓர் அம்மாவைச் சொல்கிறேன். எழுபதைத் தாண்டியவர். ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை மாத்திரை சாப்பிட்டுவந்தார். ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல், குமட்டல், சாப்பாடு இறங்கவில்லை. “நிறையத் தண்ணி குடிக்கணும்னு சொன்னாங்களே” என்று மகள் மணிக்கொரு தடவை டம்ளரை நீட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் அந்த அம்மா மகளைப் பார்த்தே “நீ யாரும்மா?” என்று கேட்டார். சோடியம் 118. மகள் மேல் ஒரு தவறும் இல்லை, காய்ச்சலுக்கு எல்லோரும் சொல்வதைத்தான் அவர் செய்தார்.

காய்ச்சல், வலி, குமட்டல் இவையெல்லாம் வாசோபிரசின் என்ற ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும். நோயெதிர்ப்பு விழித்துக்கொள்ளும்போது உருவாகும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதத்துக்கும் அதில் பங்கு உண்டு. இந்த ஹார்மோன் கூடினால் சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். அந்த நேரத்தில் மேலும் மேலும் தண்ணீர் குடித்தால் சோடியம் நீர்த்துப்போகும். அப்புறம் மூளைச் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து வீங்கும். தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம், குழப்பம், கடைசியில் வலிப்பு எல்லாம் அதனால்தான்.

இப்படி ஆகிறதே என்று வீட்டிலேயே உப்பைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். பலருக்குத் தண்ணீரைக் குறைப்பதே முதல் சிகிச்சை. நிலைமை மோசமானால் 3 சதவீத உப்புக் கரைசலை ரத்தக் குழாய் வழியே ஏற்றுவோம். அதிலும் நிதானம் வேண்டும்: 24 மணி நேரத்தில் சோடியம் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறிவிடக் கூடாது. வேகமாக ஏறினால் மூளைத்தண்டு நரம்புகளின் உறை சிதைந்து, நிரந்தரப் பாதிப்பு வரலாம். தைராய்டு, கார்ட்டிசோல் ஹார்மோன்களின் குறைபாடு ஒளிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஊசியே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. நிமோனியா, கொரோனா போன்ற நோய்களே சோடியத்தைக் குறைக்கும். அதுவும் இதைவிடப் பலமடங்கு அதிகமாக. சோடியத்தைக் குறைக்கக்கூடிய மாத்திரைகளான தயசைடு, மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், வலிப்புக்கான கார்பமசெபின் சாப்பிடுபவர்கள் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசிக்குப் பிறகு தாகத்துக்குக் குடித்தால் போதும், வற்புறுத்திக் குடிக்கவைக்க வேண்டியதில்லை.

குழப்பம், அதிகத் தூக்கம், விடாத வாந்தி, வலிப்பு என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனையில் சோடியம் தெரியாது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள், மாத்திரை அட்டைகள் அத்தனையையும் கையோடு எடுத்துப்போங்கள்.