பிளாக் பெல்ட் வாங்க எத்தனை மாசம் ஆகும் மாஸ்டர்?

பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் பாதிப் பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். டேக்வாண்டோ எதற்காக என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் நானே பெயரிலிருந்து தொடங்கிவிடுவேன். 'டே' காலால் உதைப்பது, 'க்வோன்' முஷ்டி, 'டோ' வழி. முதல் இரண்டையும் ஓரளவு சீக்கிரமே சொல்லிக்கொடுத்துவிடலாம். மூன்றாவதுதான் இழுக்கும்.

2,000 வருடப் பழங்கலை என்று நோட்டீஸ்களில் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டேக்கியோன் என்ற பழைய உதையாட்டம் கொரியாவில் இருந்தது உண்மைதான். ஆனால் இன்றைய வடிவம், 1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிந்த பிறகு சியோலில் கிளம்பிய பயிற்சிக்கூடங்களில் உருவானது. அங்கே கற்றுக்கொடுத்தவர்களில் பலர் ஜப்பானில் கராத்தே படித்தவர்கள். 1955-இல்தான் இந்தப் பெயரே வந்தது. 1972-இல் சியோலில் டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவொன் திறந்தது, 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டானது.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். குக்கிவொன் முறையில் 15 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு 'டான்' என்ற பிளாக் பெல்ட் நிலை கிடையாது, அதற்குப் பதில் சிறுவர்களுக்கான 'பூம்'தான். பெல்ட்டும் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. எட்டு வயதுக்காரனுக்கு டான் சான்றிதழ் என்று யாராவது பணம் கேட்டால், கொஞ்சம் விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

இன்னொன்று, தலை. போட்டியில் முகத்தில் குத்தக் கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது; தலையில் உதைத்தால் 3 புள்ளி, சுழன்று தலையில் உதைத்தால் 5. அதனால் சின்னப் பிள்ளைகளும் தலையையே குறிவைக்கிறார்கள். தலையில் அடி வாங்கிய பிள்ளை தலைவலி, மயக்கம், வாந்தி என்றால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகு திரும்பி வந்தால் போதும். "ஒண்ணுமில்ல, எந்திரிடா" என்று சொல்லும் மாஸ்டரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

பழைய மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கும் ஐந்து நெறிகளில் ஒன்று தன்னடக்கம். என்னிடம் வந்த பையன் ஒருவன் பள்ளியில் சண்டை போட்டு இன்னொருவனை உதைத்துவிட்டான். அப்புறம் இரண்டு வாரம் அவனுக்கு ஒரே பயிற்சிதான்: முழு வேகத்தில் உதைத்து, நான் பிடித்திருக்கும் பேடுக்கு ஓர் அங்குலம் முன்னால் காலை நிறுத்த வேண்டும். முதல் வாரம் முழுக்க என் கை வீங்கியே இருந்தது. இப்போது நிறுத்துகிறான். பெல்ட் இன்னும் மஞ்சள்தான்.