‘ட்ரியாஜ்’: அவசரப் பிரிவின் வாசலில் நிற்கும் போர்க்களச் சொல்

அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் எவருக்கும் பழகிப்போன கேள்வி ஒன்று உண்டு: “நாங்கதானே முதல்ல வந்தோம்?” சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் அதைக் கேட்டவர், கணுக்கால் பிசகிய தம் தம்பியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து முக்கால் மணி நேரமாகக் காத்திருந்த ஓர் அண்ணன். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. தம்பிக்கு வலி இருந்தது, கால் வீங்கியிருந்தது, சீட்டும் முன்னதாகவே போட்டாயிற்று. ஆனால் அவர்களுக்கு அரைமணி நேரம் பிந்தி ஆட்டோவில் வந்திறங்கி, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு தாமே நடந்து வந்த அறுபது வயது அம்மா ஒருவரை, செவிலியர் இரண்டே நிமிடத்தில் உள்ளே அழைத்துச் சென்றுவிட்டார். அந்த அம்மா சொன்னதெல்லாம் “வாய்வு பிடிச்ச மாதிரி இருக்கு, காலையிலேருந்து ஒரே அசதி” என்பதுதான். அவர் நெற்றியில் பூத்திருந்த வியர்வையையும், தாடையை அடிக்கடி தடவிக்கொண்டதையும், பதினைந்து வருடமாகச் சர்க்கரை என்று மகள் பேச்சுவாக்கில் சொன்னதையும் செவிலியர் சேர்த்துப் பார்த்தார். ஈசிஜி எடுத்தபோது மாரடைப்பு உறுதியாயிற்று.

செவிலியர் அன்று செய்த வேலைக்குப் பெயர் ‘ட்ரியாஜ்’. எங்கள் வார்டுகளில் பலரும் இதை ‘ட்ரையேஜ்’ என்றே சொல்கிறார்கள். முதல் அசையைக் கேட்டு, இது ‘மூன்று’ என்ற பொருளுள்ள ‘ட்ரை’ என்று நினைப்பவர்களை மருத்துவ மாணவர்களிடையேகூடப் பார்த்திருக்கிறேன். நோயாளியின் ஆபத்து அளவைக் குறிக்கச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறங்களும் இருப்பதால் அந்தத் தவறு மிகவும் பொருத்தமாக உட்கார்ந்துகொள்கிறது. உண்மையில் மூன்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பிரெஞ்சு மொழியின் ‘த்ரியே’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல் இது. பொறுக்கிப் பிரித்தெடுப்பது என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே கம்பளி வணிகர்கள் ஆட்டு ரோமத்தைத் தரவாரியாகப் பிரிப்பதற்கு இச்சொல்லைப் பயன்படுத்தினர். பிறகு காப்பி வணிகத்தில், நல்ல கொட்டைகளைப் பொறுக்கியெடுத்தபின் மிஞ்சும் உடைந்த, மட்டமான கொட்டைகளுக்கு இது பெயராயிற்று. நம் வீடுகளில் கீரையை ஆய்வதும் அரிசியை முறத்தில் இட்டுப் புடைப்பதும் இதே வேலைதான். கீரையிலும் காப்பியிலும் பிரித்தபின் ஒரு பகுதி குப்பைக்குப் போகும். மனிதர்களை வகைப்படுத்த அதே சொல் வந்தபோது அந்தப் பழைய நிழலும் கூடவே வந்துவிட்டது. ‘ட்ரியாஜ் என்றால் சிலரைக் கைவிடுவது’ என்ற அச்சம் இன்றும் தீராமலிருப்பதற்கு அந்த நிழலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கம்பளிக் கிடங்கிலிருந்து மருத்துவமனைக்கு இந்தச் சொல் நேராக வந்துவிடவில்லை. இடையில் ராணுவத்தில் நெடுங்காலம் தங்கியிருந்தது. அவசரப் பிரிவின் வாசலில் நின்றாலே ராணுவச் சொற்கள் நம்மைச் சூழ்ந்துகொள்ளும் என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஊரார் ‘கேசுவாலிட்டி’ என்று அழைக்கும் பெயர், முதலில் தற்செயலையும், பிறகு படை இழந்த வீரர்களின் எண்ணிக்கையையும் குறித்து, அதன்பின்தான் காயம்பட்டவருக்கு வந்தது. ‘ஆம்புலன்ஸ்’ என்பது தொடக்கத்தில் வண்டியின் பெயரே இல்லை. படையின் பின்னால் இடம்பெயர்ந்து செல்லும் ‘நடமாடும் மருத்துவமனை’ என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து கிளைத்தது.

அந்த ஆம்புலன்ஸை வண்டியாக்கிய மனிதரிடமிருந்தே ட்ரியாஜின் வரலாற்றையும் தொடங்குவது வழக்கம். டொமினிக் ஜான் லாரே, 1766-இல் பிறந்த பிரெஞ்சு அறுவை மருத்துவர். நெப்போலியனின் படைகளோடு பல போர்க்களங்களைப் பார்த்தவர். அவர் பணியில் சேர்ந்த காலத்தில், மருத்துவப் பிரிவு சண்டை நடக்கும் இடத்திலிருந்து ஒரு லீக் தூரம், அதாவது சுமார் நான்கு கிலோமீட்டர் பின்னால் நிற்க வேண்டும் என்பது விதி. சண்டை ஓயும்வரை காயம்பட்டவன் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான். லாரே 1792-இல் ரைன் நதிப் படையில் இருந்தபோது, குதிரைகள் இழுக்கும் இலகுவான பீரங்கி வண்டிகளின் வேகத்தைப் பார்த்து, அதே போன்ற வேகமுள்ள வண்டிகளில் காயம்பட்டவர்களை உடனே எடுத்துவரும் ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ முறையை வகுத்தார். வேகமாகக் கொண்டுவந்து குவித்தால் அடுத்த சிக்கல் தானாக எழும்: யாரை முதலில் கவனிப்பது? பதவியையும் சிறப்பையும் பாராமல், மிக ஆபத்தான காயமுடையவரையே முதலில் எடுக்க வேண்டும் என்று லாரே வரையறுத்தார். ஒரு தளபதியின் விரல் காயம், பெயர் தெரியாத சிப்பாயின் சிதைந்த தொடைக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும் என்பது, படிநிலையே உயிர்மூச்சான ஒரு ராணுவத்தில் எவ்வளவு துணிச்சலான கட்டளை என்பதை எண்ணிப் பாருங்கள். சிபாரிசுத் தொலைபேசி அழைப்புகளுக்கு நடுவில் வேலை செய்யும் எங்களுக்கு அந்தத் துணிச்சலின் விலை நன்றாகவே தெரியும்.

லாரேவின் விதிக்குப் பக்கத்திலேயே அதற்கு எதிர்த்திசையில் இன்னொரு விதியும் வளர்ந்தது. கிரிமியப் போரில், 1854 இறுதியில் செவஸ்தபோல் நகருக்கு வந்த ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கொலாய் பிரகோவ், நூற்றுக்கணக்கில் வந்து குவிந்த காயம்பட்டவர்களை வாசலிலேயே பிரிக்கச் சொன்னார். உடனே அறுவை தேவைப்படுபவர் ஒரு பக்கம். நாளை வரை தாங்குபவர் ஒரு பக்கம். கட்டுப்போட்டு படைப்பிரிவுக்கே திருப்பி அனுப்பத்தக்கவர் ஒரு பக்கம். பிழைக்க வழியே இல்லாதவர்கள் செவிலியச் சகோதரிகளின் ஆறுதலுக்கும் பாதிரியார்களின் பிரார்த்தனைக்கும். இங்கே மிக மோசமான நிலையில் இருப்பவர் முதலில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருக்கிற சில கைகளைக் கொண்டு மிகப் பலரைக் காப்பது எப்படி என்பதே அங்கே கணக்கு. முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் காயம்பட்டவர்களைப் பிரித்தனுப்பும் இடங்களுக்கு ‘ட்ரியாஜ்’ என்ற பெயரைப் பயன்படுத்த, நேச நாட்டு மருத்துவர்கள் வழியாக அந்தப் பொருள் ஆங்கிலத்தில் நிலைத்தது. போர் நீண்டபோது மூன்றாவது நோக்கம் ஒன்றும் சேர்ந்துகொண்டது: விரைவில் துப்பாக்கி பிடிக்கக்கூடியவனை விரைவில் தேற்றி அனுப்புவது. அது மருத்துவத்தின் நோக்கமன்று, படையின் நோக்கம். ஆனால் செய்தவர்கள் மருத்துவர்கள்.

ஆகவே, இந்த ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று முரண்படும் விதிகள் வாழ்கின்றன. எந்த விதி செயல்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது, தேவைக்கும் கையிருப்புக்கும் இடையிலுள்ள இடைவெளி. கையிருப்பு போதுமானால் மிக ஆபத்தானவர் முதலில். போதவே போதாது என்றால் காப்பாற்ற முடிந்தவர் முதலில். இதைப் பிரித்துணராமல் பேசுவதால்தான் பல தேவையற்ற பீதிகள் உருவாகின்றன. 2020 மார்ச்சில் இத்தாலியின் மயக்கவியல் மற்றும் தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம், தீவிர சிகிச்சைப் படுக்கைகள் தீர்ந்துபோகும் நிலையில் யாருக்கு முன்னுரிமை என்று பரிந்துரைகள் வெளியிட்டபோது, அந்தச் சொல் உலகெங்கும் செய்திகளில் அடிபட்டது. அது போர்க்காலப் பொருள். அதே வாரத்தில் நம் ஊரில் காய்ச்சலோடு வந்தவர்களைத் தனி வரிசையில் உட்காரவைத்ததும் ட்ரியாஜ் என்றே அழைக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்ட ஒரு முதியவர், “எனக்கு எழுபத்தஞ்சு ஆச்சு, என்னை உள்ளே விடமாட்டீங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

பேரிடர்க் களத்தில் பயன்படும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரத் தீயணைப்புத் துறையும் அங்குள்ள ஹோக் மருத்துவமனையும் 1983-இல் உருவாக்கிய ‘ஸ்டார்ட்’ என்ற முறை பரவலாக அறியப்பட்டது. நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் முதலில் ஓரமாக ஒதுக்கப்படுகிறார்கள், அவர்கள் பச்சை. மற்றவர்களிடம் மூச்சு, ரத்த ஓட்டம், சொல்வதைக் கேட்டுச் செய்யும் திறன் ஆகிய மூன்றை மட்டும் ஒரு நிமிடத்துக்குள் பார்க்கிறார்கள்: நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்குகிறதா, நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, “கையை மூடுங்கள்” என்றால் மூடுகிறாரா. ஒன்று தவறினாலும் சிவப்பு, அதாவது உடனே கவனிக்க வேண்டியவர். மூச்சுப்பாதையைத் திறந்துவிட்ட பிறகும் மூச்சு வராதவருக்குக் கருப்பு அட்டை, அதாவது வரிசையில் கடைசி இடம். ஆனால் மின்னல் தாக்கிப் பலர் விழுந்து கிடக்கும் இடத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிடும். மின்னலால் நின்றுபோன இதயம் உடனடி மார்பு அழுத்தத்துக்கும் செயற்கைச் சுவாசத்துக்கும் இசைந்து மீளும் வாய்ப்பு அதிகம் என்பதால், அங்கே இறந்தவர்போலக் கிடப்பவரிடமே முதலில் ஓட வேண்டும். விவரம் தெரியாதவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்.

அன்றாட மருத்துவமனைகளுக்கு இச்சொல் வந்து அறுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. அமெரிக்காவின் யேல்-நியூ ஹேவன் மருத்துவமனையில் இதை நடைமுறைப்படுத்திய அனுபவம் 1966-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. 1990-களில் ஆஸ்திரேலியா, இங்கிலாந்தின் மான்செஸ்டர், கனடா ஆகிய இடங்களில் ஐந்து படிநிலைகள் கொண்ட அளவுகோல்கள் தோன்றின. ஆஸ்திரேலிய அளவுகோலில் முதல் படியினரை உடனே பார்க்க வேண்டும். அடுத்த படிகளுக்கு 10, 30, 60, 120 நிமிடங்கள் வரை அவகாசம் உண்டு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகள் வந்தபிறகு, இச்சொல் நம் மக்களின் காதிலும் விழத் தொடங்கியிருக்கிறது. இவை யாவும் லாரேவின் விதியைப் பின்பற்றுபவை. இங்கே யாரும் கைவிடப்படுவதில்லை. வரிசை மட்டுமே மாறுகிறது.

கணினித் துறையில் இருக்கும் என் மருமகன், தங்கள் அலுவலகத்தில் தினமும் காலையில் ‘பக் ட்ரியாஜ்’ கூட்டம் நடப்பதாகச் சொல்கிறான். மென்பொருள் பிழைகளில் எதை இன்றே திருத்துவது, எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது, எதைத் திருத்தாமலே விடுவது என்று பிரிப்பார்களாம். திருத்தாமலே விடுவதும் அதில் ஒரு வகை என்பதால், எங்களைவிட அவர்கள்தாம் பிரகோவுக்கு நெருங்கியவர்கள் என்று அவனிடம் சொன்னேன். வெறுமனே பதிவு எண் கொடுப்பதையும், எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவதையும் சில இடங்களில் ட்ரியாஜ் என்று பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். அது பிழையான பயன்பாடு. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியைப் பார்த்து, தொட்டு, எண்ணி, ஆபத்தின் அளவை முடிவு செய்யாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை.

சரி, அந்த மேசையில் என்ன பார்க்கிறார்கள்? நீங்கள் பேசத் தொடங்கும்போதே பார்வை தொடங்கிவிடுகிறது. ஒரு முழு வாக்கியத்தை மூச்சுவிடாமல் சொல்ல முடிகிறதா, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துகிறீர்களா என்பது ஆக்சிஜன் கருவியை மாட்டுவதற்கு முன்பே நிறையச் சொல்லிவிடும். பிறகு நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, நினைவு நிலை, தேவையானால் விரலில் குத்திச் சர்க்கரை. உரக்கக் கத்துபவரைவிடச் சத்தமின்றிச் சாய்ந்திருப்பவரைப் பற்றியே நாங்கள் அதிகம் கவலைப்படுகிறோம். கத்துவதற்கு மூச்சும் ரத்த அழுத்தமும் வேண்டுமல்லவா? பாம்பு கடித்து நடந்தே வருபவர், விஷம் குடித்துவிட்டு “இப்ப ஒண்ணுமில்ல” என்று சிரிப்பவர், இவர்கள் வெளிப்பார்வைக்குப் பச்சையாகத் தெரிந்தாலும் எங்கள் கணக்கில் பச்சை கிடையாது.

இந்தப் பிரிப்பில் தவறு நேராது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, விபத்துக் காயங்களில் ஆபத்தானவரைக் குறைத்து மதிப்பிடும் தவறு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், அதற்காகச் சாதாரணக் காயத்தை மிகைப்படுத்தி மதிப்பிடுவது 25 முதல் 35 சதவீதம் வரை போனாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வகுத்திருக்கிறது. ஒருவரைத் தவறவிடாமலிருக்கப் பலரைத் தேவையின்றி உள்ளே எடுப்பது அறிந்தே ஏற்றுக்கொண்ட செலவு. உங்களுக்குமுன் உள்ளே போனவர் பத்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தால், உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருள்கொள்ள வேண்டாம்.

தவறைக் குறைப்பதில் உங்கள் பங்கும் இருக்கிறது. ‘ரொம்ப முடியல’ என்பதைவிட எது, எப்போது தொடங்கியது என்று சொல்வது உதவும். நெஞ்சு, தாடை, இடது தோள், மேல்வயிறு ஆகியவற்றில் அழுத்தமோ எரிச்சலோ வியர்வையோடு சேர்ந்து வந்தால், ‘வாய்வு’ என்று நீங்களே நோய்க்குப் பெயர் வைத்துவிடாமல், அந்த உணர்வை உள்ளபடியே சொல்லுங்கள். அத்தகையவருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள்ள விதி. முகம் கோணியோ, பேச்சு குழறியோ, ஒரு கை விழுந்தோ வருபவரின் உறவினர், அவர் கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த மணியைச் சொல்ல வேண்டும்; ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. சர்க்கரை, இதய நோய், கர்ப்பம், ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஆகியவை இருந்தால், கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கையில் கொடுத்த நிறம் அந்த நிமிடத்துக்கு உரியது மட்டுமே. பச்சை நிறம் தரப்பட்டு வெளியே உட்கார்ந்திருக்கும்போது வலி கூடினாலோ, வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, நீங்கள் அழைத்து வந்த நோயாளி தூக்கக் கலக்கமாகப் பதில் சொல்லத் தொடங்கினாலோ, முறை வரட்டும் என்று பொறுத்திருக்காமல் அதே மேசைக்குத் திரும்பி வாருங்கள். மறுபடியும் சீட்டுப் போடத் தேவையில்லை. “முன்னைவிட மோசமாக இருக்கிறது” என்று சொன்னால் போதும், முதலிலிருந்து மறுபடி பார்ப்பார்கள்.